நாலு பேட்டும் ஒரு கர்னலும்

கர்னல் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கூட்டலில் ஆர் எழுத்தே இல்லையே, ஏன்? (வாசகர், திருச்சி)

இத்தாலிய 'கொலோன்னெல்லோ' பிரெஞ்சில் 'கொரொனெல்' ஆயிற்று. ஆங்கிலேயர்கள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்துவிட்டு, எழுத்துக்கு இத்தாலிய வழியையும் நாக்குக்குப் பிரெஞ்சு வழியையும் வைத்துக்கொண்டார்கள். காரணம் தெரிந்தாலும் மனப்பாடம்தான் வழி.

கடனைக் குறிக்கும் 'டெட்'டில் பி எதற்கு?

வெட்டிப் பந்தா. முதலில் அந்த எழுத்து கிடையாது. லத்தீனில் 'டெபிட்டும்' என்று இருப்பதைப் பார்த்த பண்டிதர்கள் பிற்பாடு சொருகியது. வாயில் வரக்கூடாது.

தினம் 100 சொற்கள் படிக்கிறேன், ஒன்றும் நிற்கவில்லை. என்ன செய்ய?

என்ன தேர்வு, என்ன வேலை என்று எழுதவே இல்லை. ஐந்து போதும். ஐந்தையும் வாய்விட்டுச் சொல்லி, ஆளுக்கொரு வாக்கியம் எழுதுங்கள்.

உச்சரிப்பை எல்லாம் தமிழில் எழுதித் தந்தால் எங்களுக்கு வசதி. (வாசகி, மதுரை, இதையே கேட்டு இன்னும் பத்துப் பேர்)

உங்களுக்கு வசதி, உங்கள் நாக்குக்கு வம்பு. கெட்டது, கிரிக்கெட் மட்டை, எழுதும் அட்டை, முதுகில் தட்டிக்கொடுப்பது: ஆங்கிலத்தில் நாலு சொல், நாலு ஓசை. தமிழில் நாலும் 'பேட்'. ஓரத்தில் பென்சிலால் 'பேட்' என்று குறித்துக்கொண்டவர் மறுநாள் எதைச் சொல்வார்? நானும் இந்தப் பக்கத்தில் வேறு வழியில்லாமல் அதைத்தான் செய்கிறேன், அது வேறு கதை.

அதைவிடப் பெரிய சிக்கல் அழுத்தம், அதாவது சொல்லில் எந்த அசையை ஓங்கிச் சொல்வது என்பது. நம் எழுத்தில் அதற்குக் குறியே இல்லை. புகைப்படம் என்றால் 'ஃபோ' மேல் அழுத்தம். எடுப்பவர் என்றால் அது இரண்டாம் அசைக்கு நகர்ந்து, ஏறக்குறைய 'ஃபடாக்ரஃபர்' ஆகிவிடும். 'ஃபோட்டோகிராஃபிக்' என்னும்போது மூன்றாவது அசைக்கு ஓடும். அழுத்தம் விழாத உயிர் பெரும்பாலும் அரைகுறை 'அ'வாகத் தேய்ந்துபோகும். அகராதியில் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும், அதைப் பாருங்கள். இணைய அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்திக் கேளுங்கள். மூன்று தடவை கேட்டு, ஒரு தடவை சொல்லுங்கள். எத்தனை முறைதான் எழுதுவது!

'எபிடோம்' என்றால் என்ன?

அப்படி ஒரு சொல் இல்லை. 'எ-பி-ட-மி', நாலு அசை, அழுத்தம் இரண்டாவதில். ஒரு குணத்துக்கு முழு உருவமாக நிற்பவர் அல்லது நிற்பது. 'ஹைபர்போல்' என்பதும் இதே தப்பு, 'ஹை-பர்-ப-லி' என்பதே சரி. கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்திருந்தால் கடிதமே வேண்டியதில்லை.

'டிஸ்இன்டரஸ்டட்' என்றால் ஆர்வமில்லாதவர்தானே?

இல்லை. சொந்த லாபம் பாராதவர். நீதிபதி அப்படித்தான் இருக்கவேண்டும். 'அன்இன்டரஸ்டட்' ஆக இருந்தால் வாய்தா மேல் வாய்தாதான்.

நம் கட்டுமரத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

'கேட்டமரான்', அழுத்தம் கடைசி 'ரான்' மேல். ஆனால் கடற்கரையில் கிடக்கும் கட்டைகளைக் காட்டி அப்படிச் சொன்னால் வெளிநாட்டுக்காரர் விழிப்பார். அங்கே போனபின் அது இரட்டை உடல் கொண்ட படகாகிவிட்டது.