மரத்துப்போகும் களிம்பும் காணாமல் போன சதவீதமும்

மூட்டுவலிக்குத் தோலில் ஒட்டும் பட்டைகளைப் பற்றிப் போன முறை இரண்டு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பலவும் வலி தெரியாமல் மரத்துப்போக வைக்கும் க்ரீம், ஜெல், பட்டை பற்றியவை. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: முன்கை முழுக்க டாட்டூ போடப் போகிறேன். ஆன்லைனில் மரத்துப்போகும் க்ரீம் வாங்கிக் கை முழுக்கத் தடவி, சமையலறை பிளாஸ்டிக் ஷீட்டால் ஒரு மணி நேரம் சுற்றிக்கொண்டு வரச் சொல்கிறார் டாட்டூ போடுபவர். எந்த க்ரீம் நல்லது? (மாணவர், கோவை)

பதில்: அதில் என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். சரி, என் பழைய ஆத்திரத்தை இங்கேயே கொட்டிவிடுகிறேன். இந்த க்ரீம்களின் விற்பனைப் பக்கத்தைத் திறந்தால் ஏழெட்டுப் படம் இருக்கும், ‘வலியே தெரியாது’ என்று நாலு இடத்தில் இருக்கும், மருந்தின் பெயரும் சதவீதமும் மட்டும் கண்ணில் படாது. பிஸ்கட் பாக்கெட்டில்கூட எவ்வளவு சர்க்கரை என்று போடுகிறார்கள். உடம்புக்குள் இறங்குகிற மருந்துக்கு அது கிடையாதாம்!

பெரும்பாலும் இவற்றில் இருப்பது லிடோகெய்ன். நம்மூர் மருந்துக்கடையில் லிக்னோகெய்ன் என்பார்கள், இரண்டும் ஒன்றுதான். 5% என்றால் ஒரு கிராம் களிம்பில் 50 மில்லிகிராம் மருந்து, 30 கிராம் டியூபில் 1,500 மில்லிகிராம். இதே மருந்தை டாக்டர் ஊசியாகப் போடும்போது, அட்ரினலின் (மருந்து ரத்தத்தில் மெதுவாக ஏறச் சேர்ப்பது) கலக்காதது என்றால் பெரியவர்களுக்கே 300 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. பூசியது அத்தனையையும் தோல் உள்ளே விடாது, அதனால்தான் பிழைக்கிறோம். நீங்களோ பெரிய இடத்தில் அப்பி, பிளாஸ்டிக் சுற்றி, போதாததற்கு மேலே ஊசியால் குத்தவும் விட்டு, அந்தக் காவலை நீங்களே கலைக்கப் பார்க்கிறீர்கள். மருந்து ரத்தத்தில் அதிகமாக ஏறினால் வாயைச் சுற்றி மதமதப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைசுற்றல், அப்புறம் வலிப்பு, இதயத்துடிப்பு தாறுமாறாவது வரை போகும். இதில் எது தெரிந்தாலும் களிம்பைத் துடைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் லேசர் முறையில் முடி நீக்கப் போன 22, 25 வயதுப் பெண்கள் இருவர் இப்படித்தான் காலில் பூசிப் பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டார்கள். வலிப்பு வந்து, கோமாவில் விழுந்து, இறந்தே போனார்கள். அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007இல் இதைச் சொல்லி எச்சரித்தது. 2024 மார்ச்சில் மறுபடியும் எச்சரிக்கை. டாட்டூவுக்கும் முடி நீக்கவும் என்று விற்ற சில க்ரீம்களில், அங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடிய 4% அளவைவிட லிடோகெய்ன் அதிகமாக இருந்ததால், ஆறு நிறுவனங்களுக்குக் கடிதம் போனது.

ஆஸ்பத்திரியில் ஊசிக்கு முன் பூசி மூடி வைக்கிறார்களே என்பீர்கள். அங்கே லிக்னோகெய்னும் அதே வகை மருந்தான பிரிலோகெய்னும் கலந்த க்ரீமை, பெரியவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் இடத்துக்கு இரண்டரை கிராம் என்று அளந்து வைக்கிறார்கள். உங்கள் முன்கை அந்தக் கணக்கில் அடங்காது. தோல் டாக்டரைக் கேளுங்கள், இல்லையென்றால் டாட்டூவைப் பல நாளாகப் பிரித்துப் போடுங்கள். வலியைத் தாங்க முடியாது என்றால் சின்னதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தைக்குப் பல் முளைக்கிறது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஜெல்லை அத்தை (மாமியார்) ஈறில் தடவுகிறார். பென்சோகெய்ன் என்று போட்டிருக்கிறது. தடவலாமா? (நாகர்கோவில்)

பதில்: இன்றே நிறுத்துங்கள். பென்சோகெய்னும் மரத்துப்போக வைக்கும் மருந்துதான். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இது கூடாது என்று எஃப்டிஏ 2018இல் சொல்லிவிட்டது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும் ஆபத்து உண்டு. உதடும் நகமும் நீலமாகவோ சாம்பலாகவோ மாறினால், குழந்தைக்கு மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். அதற்குப் பதில் லிக்னோகெய்ன் ஜெல் தடவலாமா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள், அதுவும் கூடாது. கையைக் கழுவிவிட்டு விரலால் ஈறை மெல்ல அழுத்திவிடுங்கள், ஈரத்துணியைக் குளிர வைத்துக் (உறைய வைத்து அல்ல) கடிக்கக் கொடுங்கள். லேபிளைப் படித்துவிட்டுக் கேட்டீர்களே, அதற்குச் சபாஷ். அத்தையிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், பழி என் மேல் இருக்கட்டும்.

கேள்வி: மூலத்துக்கு மூன்று மாதமாக மரத்துப்போகும் களிம்பு தடவுகிறேன். நிறுத்தினால் வலி திரும்புகிறது, சில நாள் ரத்தமும் வருகிறது. பெரிய டியூபாக வாங்கினால் லாபமா?

பதில்: மூன்று மாதமாகத் தடவியும் ரத்தம் வருகிறது, நீங்கள் டியூப் விலை பார்க்கிறீர்கள். முதலில் டாக்டர்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய், பாதம் எரிகிறது. லிடோகெய்ன் பட்டை ஒட்டி அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா? (மதுரை)

பதில்: ஒத்தடம் வேண்டவே வேண்டாம். சூடு மருந்தை வேகமாக உள்ளே இழுக்கும், அதோடு மரத்துப்போன காலில் தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி ஏற்கனவே குறைந்திருக்கலாம், அதனால் டாக்டர் காலைப் பார்க்காமல் பட்டையே ஒட்டாதீர்கள். அவர் எழுதிக் கொடுத்தால், 5% பட்டையைப் பொதுவாக 12 மணி நேரம் ஒட்டிவிட்டு அடுத்த 12 மணி நேரம் எடுத்துவிட வேண்டும், புண்ணோ வெடிப்போ இல்லாத தோலில் மட்டும். கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும். உள்பக்கமாக மடித்து, பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாத குப்பைக்கூடையில் போடுங்கள்.

வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பொருட்காட்சி ஒன்றில் ‘மரத்துப்போகும் பட்டை’ என்று பத்து வாங்கி, வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் படித்தால் அத்தனையும் மென்தால்! சில்லென்று இருந்தது, முழங்கால் வலி அப்படியே இருந்தது. 600 ரூபாய் போச்சு. ஊருக்கு உபதேசம் சொல்கிற எனக்கு அன்று கண்ணாடி பையில்தான் இருந்தது.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மரப்பு க்ரீமில் தயாரித்தவர் பெயர், உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி எதுவும் இல்லை. ஒருமுறை தடவியதிலேயே தோல் கொப்பளித்துவிட்டது. உடல்நலப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள். (சேலம்)

பதில்: பாவம், வலியைக் குறைக்க வாங்கி வலியைச் சம்பாதித்திருக்கிறீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. குறைபாடுள்ள, போலியான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. ‘எங்கள் பாலிசி’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யுங்கள். அதிலும் அசையவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விற்பவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் சேலத்திலேயே போடலாம்.

கொப்பளத்தைப் படம் எடுத்து, டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வையுங்கள். மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவச எண் உண்டு, அதிலும் சொல்லுங்கள். உரிம எண்ணே இல்லாத மருந்து என்பதால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடமும் ஒரு புகார் கொடுங்கள். அதுவரை கோபத்தில் டியூபைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அட்டைப்பெட்டியையும்தான்.

கேள்வி: 2021இல் காலாவதியான லிக்னோகெய்ன் களிம்பு வீட்டில் இருக்கிறது. வீணாக்காமல் தடவலாமா?

பதில்: வீணாக்குங்கள்.

கேள்வி: இடுப்புப் பிடிப்புக்கு மரத்துப்போகும் மருந்து கேட்டேன், மருந்துக்கடைக்காரர் டைக்லோஃபெனாக் ஜெல்லைக் கொடுத்துவிட்டார். பில்லும் தரவில்லை. ஏமாற்றிவிட்டாரா? (தஞ்சாவூர்)

பதில்: மருந்தில் இல்லை. டைக்லோஃபெனாக் மரத்துப்போக வைக்காது, வீக்கத்தையும் அதனால் வரும் வலியையும் குறைக்கும். தசைப்பிடிப்புக்கு அவர் கொடுத்தது நீங்கள் கேட்டதைவிடப் பொருத்தம்தான். வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். பில்லுக்கு மட்டும் போய்ச் சண்டை போடுங்கள்.