நித்தியகல்யாணிக் கஷாயம் போதாதா?

கேள்வி: என் அண்ணன் மகனுக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய் என்று கீமோதெரபி கொடுக்கிறார்கள். ஊசி போட்டு வந்தால் பிள்ளை துவண்டுவிடுகிறான். இந்த நோய்க்கான மருந்தை நித்தியகல்யாணியிலிருந்துதான் எடுக்கிறார்களாமே? செடி எங்கள் வாசலிலேயே பூத்துக் கிடக்கிறது. ஊசியை நிறுத்திவிட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தால் என்ன?

- ஒரு வாசகர், விளாத்திகுளம்

பதில்: நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய்க்கு உலகெங்கும் கொடுக்கப்படும் முதன்மை மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். நித்தியகல்யாணி இலைதான் அதற்கு மூலம். உங்கள் பிள்ளைக்கும் அநேகமாக அது ஏறிக்கொண்டிருக்கும். மூலிகையை விட்டுவிட்டு ரசாயனத்துக்குப் போய்விட்டோம் என்று உங்கள் வீட்டில் யாரும் வருந்த வேண்டியதில்லை. அந்த ஊசியிலேயே மூலிகை இருக்கிறது, அளந்து வைத்தபடி.

அந்த அளவில்தான் எல்லாம் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு தடவைக்கு வேண்டியது ஒரு மில்லிகிராமை ஒட்டிய அளவு. இதே செடியின் இன்னொரு மருந்தான வின்பிளாஸ்டினை ஒரு கிராம் எடுக்கச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பார்கள். வின்கிரிஸ்டின் அதைவிடவும் அரிது. வாசலில் பறித்த ஒரு பிடி இலையில் என்ன இருக்கும்? அப்படியே இருந்தாலும், வாய்வழியாகப் போனால் அது சரியாக ரத்தத்தில் சேராது. அதனால்தான் ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள். மருந்துக்குப் பதில் கஷாயத்தில் இறங்குவது இலையின் மற்றச் சாரங்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் (செடிகளில் உண்டாகும் வீரியமான ரசாயனங்கள்) கொண்ட செடி அது; சில நச்சு. ஆடுமாடு ஏன் அதில் வாய் வைப்பதில்லை என்று உங்கள் ஊர் மானாவாரி விவசாயிகளைக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் கைக்கு இந்த இலை வந்தது, ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்குக் குடிக்கும் தேநீர் என்று. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை; ரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. ரத்தப் புற்றுநோயில் கட்டுக்கடங்காமல் பெருகுவது அவைதான். அந்த எதிர்பாராத முடிவைப் பிடித்துக்கொண்டு, சார்லஸ் பீருடன் சேர்ந்து 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். சில ஆண்டுகளில் வின்கிரிஸ்டினும் வந்தது. அதுவரை இந்த நோய் கண்ட குழந்தைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. இன்று, முழுச் சிகிச்சை பெறும் வசதியுள்ள நாடுகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிழைக்கிறார்கள். அது ஒரு மருந்தின் வேலை அல்ல. பல மருந்துகளை வரிசை பிசகாமல் இரண்டு, மூன்று ஆண்டுகள் கொடுத்ததன் பலன்.

என் பயம் அங்கேதான். முதல் மாதத்திலேயே பிள்ளை தேறி, ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்துவிடலாம். 'இனி எதற்கு ஊசி?' என்று உறவினர்கள் கேட்பார்கள். எலும்பு மஜ்ஜையில் எஞ்சிய புற்றணுக்கள் அந்த இடைவெளிக்குத்தான் காத்திருக்கும். திரும்பி வந்த நோயை அடக்குவது முன்பைவிடக் கடினம்.

பிள்ளை துவள்வதைப் பார்க்கப் பொறுக்காதுதான். மலச்சிக்கல், கைகால் மரத்துப்போவது, நடை தளர்வது எல்லாம் வின்கிரிஸ்டினின் பக்கவிளைவுகளாக இருக்கலாம். காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஏற்கெனவே கஷாயம் கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; திட்டினாலும் பரவாயில்லை. செலவுதான் தடை என்றால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி அங்கேயே விசாரியுங்கள்.

அடுத்த ஊசி என்றைக்கு? அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.