பன்னீர் ரோஜா: வெட்ட வேண்டாம், வளைத்துக் கட்டுங்கள்

மாடித் தொட்டியில் வைத்த பன்னீர் ரோஜா ஆள் உயரம் வளர்ந்தும் நுனியில் ரெண்டே பூதான், பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிடுங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இலை நன்றாகத்தானே இருக்கிறது! பன்னீர் ரோஜா என்று நம் ஊரில் விற்பதில் பலவும் எட்வர்ட் ரோஜா. இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு பூர்போன் என்று அழைக்கப்பட்ட காலத்தில் அங்கே உருவான வகை. நீளக் குச்சி விடுவது அந்த பூர்போன் ரோஜாக் குடும்பத்துக் குணம்.

குச்சி நேராக நின்றால் நுனி மொட்டு கீழ்க் கணுக்களை அடக்கிவைக்கும். படுக்கவைத்தால் கணுவுக்குக் கணு சிம்பு (பக்கக் கிளை) வெடித்து, சிம்பு முனையில் பூ வரும். பென்சில் கனத்தில் இருக்கும் பச்சைக் குச்சிகளாக மூன்று நான்கைத் தேர்ந்தெடுத்து, வில் மாதிரி மெதுவாக வளைத்து, தொட்டி விளிம்பைச் சுற்றி வாழைநாரில் கட்டுங்கள். முற்றின குச்சியைத் தொடாதீர்கள். நான் ஆசைப்பட்டு வளைத்தது அடியோடு சடக்கென்று போனது.

அப்புறம் நீங்கள் ஊற்றுவதாகச் சொன்ன அந்தக் கடலைப் பிண்ணாக்குத் தண்ணீர். வாரம் ஒருமுறை என்பது ரொம்ப அதிகம், தழைதான் கொழுக்கும். மாதம் ஒருமுறை போதும். வெயில் 6 மணி நேரமாவது படட்டும்.

காய்ந்த, கிழட்டுக் குச்சிகளை மட்டும் மழை ஓய்ந்ததும் வெட்டிக் கவாத்து செய்யுங்கள். பூவை விடியற்காலையிலேயே பறியுங்கள், வெயில் ஏறினால் பாதி மணம் போய்விடும்.