மண்ணுக்கு மருந்து வேண்டாம், வெயில் போதும்

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: பங்குனியில் விட்ட ஊர்க்கோழிக் குஞ்சுகள் ஒரு மாத வயதில் இரத்தமாகக் கழிந்து செத்துவிட்டன. வாழ்வாதார உதவியில் புரட்டாதிக் கடைசியில் திரும்பவும் குஞ்சு கிடைக்கப் போகிறது. மண்ணிலுள்ள புழுவையெல்லாம் கொல்லும் தூள் என்று ஒருவர் வளவு வளவாக வந்து விற்கிறார், வாங்கலாமா?

வாங்காதீர்கள் தங்கச்சி. பெயர்ச்சீட்டு இல்லாத அந்தப் பையில் ஒன்றில் வெறும் சுண்ணாம்பு இருக்கும், இல்லாவிட்டால் வயலுக்குப் போடுகிற பூச்சிமருந்து இருக்கும். கோழி அதே மண்ணில்தான் புரண்டு குளிக்கும், அதைத்தான் கொத்தித் தின்னும். அது இடுகிற முட்டையைச் சாப்பிடுவது உங்கள் பிள்ளைகள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் குஞ்சுகளுக்கு வந்தது பெரும்பாலும் கொக்சிடியா. அது புழு அல்ல, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். புழு மருந்து அதற்கு வேலை செய்யாது. கடையில் "கழிச்சலுக்கு" என்று கேட்டால் புழு மருந்தைத் தூக்கித் தருகிறார்கள். குஞ்சின் வயது என்ன, எச்சம் என்ன நிறம் என்று ஒருவரும் கேட்பதில்லை. எச்சத்தோடு மண்ணில் விழும் கொக்சிடியா முட்டைக்குத் தடித்த ஓடு உண்டு. குளோரின் கரைத்து ஊற்றினாலும் அசையாது. ஆனால் ஈரமும் சூடும் இருந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே நோயைக் கொடுக்கத் தயாராகிவிடும். மண் நன்றாகக் காய்வதும் வெயிலும்தான் அதற்கு எமன்.

அதனால் ஆவணி வெயிலை விடாதீர்கள். பழைய கூட்டடியில் மேல்மண்ணை மூன்று நாலு அங்குலம் செதுக்கி அள்ளி, கோழி போகாத இடத்தில் கிடங்கு வெட்டிப் புதையுங்கள். மிச்ச மண்ணை மண்வெட்டியால் கொத்திப் புரட்டிக் காயவிடுங்கள், வாரத்துக்கு ஒரு தரம் கிளறுங்கள். நிழல் விழுகிற கிளைகளைத் தறித்து விடுங்கள். சுண்ணாம்பு தூவலாம், ஈரத்தை இழுக்கும், அவ்வளவுதான். சுட்ட சுண்ணாம்பு காலையும் கண்ணையும் எரிக்கும், அது மண்ணோடு நன்றாகக் கலந்து ஆறும்வரை கோழியை விடக்கூடாது.

கூட்டைப் பழைய இடத்திலேயே வைக்காமல் வளவின் மேட்டுப் பக்கம் மாற்றுங்கள். இரண்டு மூன்று அடி உயரத்தில், பனஞ்சிலாகையை ஒரு விரல் இடைவெளி விட்டு அடித்தால் இரவு எச்சம் கீழே விழும். அந்த அடிப்பக்கத்தை வலையால் மறைத்து அடிக்கடி கூட்டி அள்ளுங்கள். தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி ஊறிக் கிடக்கும் அந்தச் சாண் அகல மண்தான் வளவிலேயே மோசமான இடம். சட்டியைக் கல்லின் மேல் வைத்து, நாளுக்கு நாள் இடம் மாற்றுங்கள்.

ஒன்றைப் பிழையாக விளங்கிக்கொள்ள வேண்டாம். அடைகிடந்த தாய்க்கோழி தானே கூட்டித் திரியும் ஐந்தாறு குஞ்சுகளுக்கு இவ்வளவு துப்புரவு தேவையில்லை. அவை நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிருமியைக் கொத்தி, தாங்கும் சக்தியைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். அந்தக் குஞ்சுகளைப் பிடித்துச் சீமெந்துத் தரையில் அடைத்து வளர்த்து, பிறகு வளவில் விட்டால்தான் ஆபத்து, ஏனென்றால் அப்போதுதான் முதல் தரமாகக் கிருமியைக் காண்கின்றன. ஆனாலும் தாயோடு திரிகிறது என்பதற்காகச் சேற்றில் விடலாம் என்று அர்த்தம் இல்லை. இயந்திரத்தில் பொரித்த, தாயில்லாத குஞ்சு இருபது முப்பது ஒரே மூலையில் நெருங்கினால் இந்தக் கதை செல்லாது. உங்களுக்கு வரப்போவது அந்த வகைதான்.

இன்னொன்று: புரட்டாதிக் கடைசியில் குஞ்சு வந்தால், கார்த்திகை மழையில் அவை சரியாக அந்த ஆபத்தான ஒரு மாத வயதில் நிற்கும். மார்கழிக்குள் கணக்கை முடிக்க வேண்டும் என்று மாரி வாசலில் குஞ்சைக் கொடுத்துப் படம் பிடித்துப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் நோகிறது. மாசிக்குத் தள்ளித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் மழை முடியும்வரை காய்ந்த உமி பரப்பிய கூரைக்குக் கீழே வைத்திருங்கள். நனைந்த உமியை அன்றன்றே அள்ளிவிட்டுப் புது உமி போடுங்கள். எச்சத்தில் இரத்தம் கண்ட அன்றே, அந்த எச்சத்தில் கொஞ்சத்தை ஒரு பையில் கட்டிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போங்கள். ஆம்ப்ரோலியம் என்பது கொக்சிடியாவுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கிற மருந்து, அளவை அவர் சொல்லட்டும்.