கார் கேள்வி-பதில்: சொன்னது 27, கிடைப்பது 19

கேள்வி: ஸ்ட்ராங் ஹைபிரிட் கார் (பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரி மோட்டாரும் வண்டியை ஓட்டும் ரகம்) வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. லிட்டருக்கு 27 கி.மீ.க்கு மேல் என்றார்கள். தினமும் மதுரை திருநகரிலிருந்து கோரிப்பாளையம், வாரக் கடைசியில் விருதுநகர். 19-ஐத் தாண்டவில்லை. வண்டியில் கோளாறா?
– வாசகர், திருநகர்

பதில்: பெரும்பாலும் இருக்காது. அந்த 27 ரோட்டில் எடுத்த கணக்கே இல்லை. உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி, ஏ.சி.யை அணைத்து, சுமார் 20 நிமிடம் ஓட்டி எடுப்பது. அதில் அதிகபட்ச வேகமே 90 கி.மீ.தான்.

விருதுநகர் நான்குவழிச் சாலையில் நீங்கள் 110-ல் போனால், 90-ல் போவதைவிட எதிர்காற்றின் தடை ஒன்றரை மடங்கு. ஹைபிரிட் மிச்சம் பிடிப்பது பிரேக் பிடிக்கும்போது பேட்டரியை சார்ஜ் செய்வதிலும், இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரில் ஓடுவதிலும். ஒரே வேகத்தில் ஓடும் சாலையில் இரண்டுக்கும் அதிகம் வேலை இல்லை; அங்கே அது கிட்டத்தட்ட சாதாரண பெட்ரோல் கார்தான். 85-ல் போய்ப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஊருக்குள் குறைந்தால் முதலில் ஏ.சி.யைச் சந்தேகப்படுங்கள். இந்த ரக கார்களில் பேட்டரி முக்கால் யூனிட் அளவுதான். சித்திரை வெயிலில் ஏ.சி. ஒன்றரை கிலோவாட் இழுத்தால், காளவாசல் சிக்னலில் நிற்கும்போதே சார்ஜ் இறங்கி இன்ஜின் தானாக உயிர்பெறும். வெயிலில் நின்ற வண்டி என்றால் கண்ணாடிகளை இறக்கி, ஒரு நிமிடம் ஓட்டி, சூடு வெளியேறிய பிறகு ஏ.சி. போடுங்கள். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின்சீட்டுப் பக்கத் துவாரம் வழியாகத்தான் போகிறது. அதைப் பையோ துண்டோ அடைத்தால் பேட்டரி சூடாகி, இன்ஜினே கூடுதலாக உழைக்கும். காய்கறிக் கடைக்கு ஒரு கிலோமீட்டர் போய் வருவதும் மைலேஜைக் கெடுக்கும். குளிர்ந்த இன்ஜின் சூடேறுவதற்குள் பயணமே முடிந்துவிடும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் எரிசக்தி, கலப்பில்லாத பெட்ரோலைவிட 7 சதவீதம் அளவுக்குக் குறைவு. அதற்கு நீங்கள் செய்ய ஒன்றுமில்லை.

டேஷ்போர்டு காட்டும் எண்ணை நம்பாதீர்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், ஆட்டோ கட்-ஆஃப் வரை நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 400 கி.மீ. ஓட்டி, மறுபடி கட்-ஆஃப் வரை நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுங்கள். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். டயர் காற்றைக் காலையில், வண்டி எடுக்குமுன், டிரைவர் கதவுத்தூண் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் நெடுஞ்சாலையைவிட ஊருக்குள் குறைவாகவே வந்தால் சர்வீஸில் காட்டுங்கள். ஹைபிரிட்டில் ஊருக்குள்தான் அதிகம் வர வேண்டும்.

கேள்வி: கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு ஹைபிரிட் காரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் தொடவே இல்லை. ஆனாலும் இன்ஜின் உறுமுகிறது. பெட்ரோல் வீணாகிறதா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: இல்லை. ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள கார் 170 மீட்டர் உயரம் இறங்கினாலே, கணக்குப்படி முக்கால் யூனிட் சக்தி, அதாவது பேட்டரி கொள்ளும் அளவு, வந்துவிடும். நீங்கள் இறங்குவதோ 1,700 மீட்டருக்கும் மேல். சில வளைவுகளிலேயே பேட்டரி நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் வரும் சக்தியைச் செலவழிக்க, பெட்ரோல் விடாமலே இன்ஜினை மோட்டார் சுற்றுகிறது, உறுமல் அதுதான். கியர் லீவரில் 'B' (இன்ஜின் பிடிப்பைக் கூட்டும் நிலை; பார்க்கிங்குக்கான 'P' அல்ல) இருந்தால் இறக்கம் தொடங்கும்போதே போடுங்கள். நியூட்ரலில் உருட்டாதீர்கள்: சார்ஜும் ஏறாது, இன்ஜின் பிடிப்பும் இருக்காது, பிரேக் மட்டும் காய்ந்து கருகும்.