கேளுங்கள், சொல்கிறேன்: ரோஸ் பாணில் ஒரு பான் மீ

கேள்வி: ரொறன்ரோவில் மகளோடு சந்தைக்குப் போனபோது வியட்நாம் கடையொன்றில் ஒரு சான்ட்விச் வாங்கித் தந்தாள். விலை மலிவு, ருசியோ இன்னும் நாக்கில் நிற்கிறது. ‘பான் மீ’ என்றார்கள். அது எங்கள் பாண்தானா? இங்கே செய்யலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: காதுக்கு மட்டும்தான் உறவு. எங்கள் ‘பாண்’ போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். வியட்நாம்காரருக்கு ‘பான்’ மாப் பண்டங்களின் பொதுப்பெயர், ‘மீ’ கோதுமை. வியட்நாமுக்குப் பாணைக் கொண்டுபோனது பிரெஞ்சுக்காரர். அதைப் பிளந்து, எல்லாவற்றையும் உள்ளே அடைத்து, நடந்துகொண்டே சாப்பிட வைத்தது 1950களின் சைகோன். 1975க்குப் பிறகு அகதிகளோடு அதுவும் வெளிக்கிட்டது.

நான் சாப்பிட்டது பாரிசில். தம்பி வீடு லா சப்பல் பக்கம். ஸ்டாலின்கிராட் நிலையத்தில் மாறி, 7ஆம் இலக்க மெட்ரோவில் வியட்நாம் கடைகள் உள்ள போர்ட் த சுவாசிக்குப் போனோம். கடைக்காரப் பெண் பாணை ஒரு பக்கம் விட்டுக் கீறினாள். மயோனீஸ், ஈரல் பேட் (அரைத்த ஈரல் பூச்சு), தாள்போலப் பன்றி இறைச்சி. அதற்கு மேல் ஊறிய கரட், முள்ளங்கி, நீளக் கெக்கரிக்காய், மல்லித்தழை. “உறைப்பு?” என்றாள். தலையாட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு மிளகாய்த் துண்டு போட்டாள்! கடித்ததும் மொறுமொறுவென்று உடைந்து பாதி என் சட்டையில். “அண்ணா, கோட்டைத் தட்டுங்கோ” என்றான் தம்பி.

இறைச்சி அதில் பேருக்குத்தான். மலிவுக்கும் அதுவே காரணம். ருசி முழுக்க அந்தப் புளிப்புக் காயில் இருக்கிறது, அதை மட்டும் விடாதீர்கள். கரட்டும் முள்ளங்கியும் சம அளவில் தீக்குச்சிபோல வெட்டி, உப்பும் சீனியும் போட்டுப் பிசையுங்கள். ஒரு குச்சியை வளைத்தால் முறியாமல் வளைய வேண்டும். கழுவிப் பிழிந்து, வினாகிரி, சீனி, கொஞ்சம் தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். போத்தலை நன்றாக மூடுங்கள். முள்ளங்கி மணத்துக்கு எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் எலி செத்துவிட்டதென்று ஒரு நாள் தேடுதல் நடந்தது.

பாணுக்கு ரோஸ் பாண் போதும். ஆனால் கொழும்புக் காற்றில் காலையில் வாங்கியது மத்தியானம் தோல்போல ஆகிவிடும். வெறும் தாச்சியில் மேல் மொறுமொறுக்கும்வரை சூடாக்குங்கள். உள்ளே பொரித்த முட்டை, நேற்றைய கோழி, எதுவும் சரி. தக்காளிக் குழம்பில் போட்ட டின் மீனை வியட்நாமிலேயே வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்குத்தான் அடிபிடி.

கேள்வி: நாங்கள் சைவம். எங்களுக்கு வழியில்லையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லாமலா? அங்கேயும் அமாவாசை, பௌர்ணமிக்கு மச்சம் தொடாத பௌத்தர்கள் நிறைய. அவர்களுக்கென்றே மரக்கறி பான் மீ விற்கிறார்கள். டோஃபுவைப் பொன்னிறமாகப் பொரித்து, சோயா சோஸில் ஒரு பிரட்டுப் பிரட்டி வையுங்கள். மயோனீஸில் முட்டை இருக்கும், லேபலைப் பாருங்கள்.

கேள்வி: மல்லித்தழை எனக்குப் பிடிக்காது. வல்லாரை போடலாமா?
– வாசகி, தெஹிவளை

பதில்: போடுங்கள். என்னைக் கூப்பிடாதீர்கள்.