சாப்பாட்டுக்கும் வாட் போடுவார்களா?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். மகன் தனியார் பள்ளியில் இயர் 4 படிக்கிறான். டேர்முக்கு (ஒரு பள்ளிப் பருவத்துக்கு) 5,000 பவுண்டாக இருந்த கட்டணம், வாட் எனும் மதிப்புக் கூட்டு வரி வந்த பிறகு 6,000 ஆகிவிட்டது. இந்த டேர்ம் பில்லில் மதியச் சாப்பாடு 300 பவுண்டு என்று தனியாகக் காட்டி, அதற்கும் 20 சதவீதம் போட்டிருக்கிறார்கள். இது சரியா? பேசாமல் அரசுப் பள்ளியில் சேர்த்துவிடலாமா? இடமே இல்லை என்கிறார்களே?

பதில்: அந்த 60 பவுண்டை முதலில் கேட்டு வாங்குங்கள். 2025 ஜனவரி 1 முதல் 20 சதவீத வாட் விழுவது படிப்புக் கட்டணத்துக்கும் விடுதிக் கட்டணத்துக்கும்தான். தனியாகக் கணக்கிடும் சாப்பாடு, ஸ்கூல் பஸ், பாடப் புத்தகம் எல்லாம் விலக்கில் இருக்கின்றன. பில்லை இணைத்து பள்ளியின் கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

அப்படியே இன்னொன்றையும் கேளுங்கள். கட்டட வேலைக்கும் கம்ப்யூட்டருக்கும் தான் கட்டும் வாட்டைப் பள்ளி இப்போது திரும்பப் பெறலாம். அதனால்தான் கட்டணம் சராசரியாக 10 சதவீதம் போல ஏறும் என்று அரசு கணக்குப் போட்டது. உங்கள் பள்ளி முழு 20-ஐயும் உங்கள் தலையில் வைத்திருக்கிறது. ஏன் என்று கேளுங்கள். அறக்கட்டளைப் பள்ளிகளுக்கு இருந்த பிசினஸ் ரேட்ஸ் (கட்டட வரி) சலுகை இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில் போய்விட்டது என்பார்கள். உண்மைதான், ஆனாலும் கேட்பதில் தப்பில்லை.

சரி, இடம். வாட் காரணமாக நாளடைவில் நாடு முழுக்க சுமார் 35,000 பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வருவார்கள் என்பது அரசின் மதிப்பீடு. மொத்த அரசுப் பள்ளி மாணவர்களில் இது அரைச் சதவீதம்கூட இல்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது நாட்டுக் கணக்கு இல்லை, உங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளியின் இயர் 4 வகுப்பில் ஒரு நாற்காலி. லண்டனில் பிறப்பு குறைந்து பல பிரைமரி பள்ளிகள் பிள்ளை இல்லாமல் தவிக்கின்றன. சில மூடியே விட்டன. அதனால் எங்காவது இடம் இருக்கும். நீங்கள் ஆசைப்படும் பள்ளியில்தானா என்பது வேறு விஷயம். செகண்டரியில் பெயர் எடுத்த பள்ளிகள் நிரம்பி வழிகின்றன. அதற்கு பிரைமரியின் கடைசி வருடமான இயர் 6 தொடங்கியதும் அக்டோபர் 31-க்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்வது, பிள்ளையை நிறுத்தப்போவதை முன்கூட்டிச் சொல்லும் நோட்டீஸில்தான். பெரும்பாலான தனியார் பள்ளிகள் ஒரு முழு டேர்ம் முன்னதாக எழுத்தில் கேட்கும். தராவிட்டால் ஒரு டேர்ம் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். அரசுப் பள்ளியோ, வருட நடுவில் கிடைத்த இடத்தை ஒரு டேர்ம் முழுக்க உங்களுக்காகப் பிடித்து வைக்காது. முதலில் உங்கள் பகுதி கவுன்சிலுக்கு (உள்ளாட்சிக்கு) போன் போட்டு எந்தப் பள்ளியில் காலியிடம் என்று கேளுங்கள். விண்ணப்பித்தால் 15 பள்ளி நாட்களுக்குள் முடிவு வரவேண்டும். அப்புறம் ஒப்பந்தத்தில் நோட்டீஸ் கடைசித் தேதியைப் பாருங்கள். அநேகமாக டேர்மின் முதல் நாளுக்கு முன்பு என்றிருக்கும். ஒரே நாள் தவறினாலும் ஒரு டேர்ம் கட்டணம் உங்கள் தலையில்.